இருட்டுல ஒரு டென்னிஸ் மேட்ச்: எஞ்சினியர்கள் மேடை ஏறின கதை

போன வாரம் ஆபீஸ்ல எங்க டீமோட டெமோ ஒண்ணு செமையா சொதப்பிடுச்சு. மனசை மாத்தலாம்னு ராத்திரி ஒரு டாக்குமென்டரி போட்டா, அதுலயும் எஞ்சினியர்கள், ஒயர்கள், டென்ஷன்! அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

படத்தோட பேர் 'ஓபன் ஸ்கோர்'. இயக்கினவர் பார்ப்ரோ ஷுல்ட்ஸ் லுண்டெஸ்டாம். 1966 அக்டோபர்ல நியூயார்க்ல '9 ஈவினிங்ஸ்'னு ஒரு நிகழ்ச்சித் தொடர் நடந்தது. அப்போ எடுத்த ஃபிலிமையும், கலந்துக்கிட்டவங்க பல வருஷம் கழிச்சுக் கொடுத்த பேட்டிகளையும் சேர்த்து உருவாக்கின படம் இது.

பின்னணி என்னன்னா, பில்லி க்ளூவர்னு ஒரு எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர், பெல் லேப்ஸ்ல வேலை பார்த்தவர். 1960-ல ழான் டிங்கெலிங்கிற சிற்பி, தன்னைத்தானே உடைச்சுக்கிற ஒரு மெஷின் செஞ்சப்போ உதவினது இவர்தான். அப்புறம் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்கோட கைகோத்து, பத்து கலைஞர்களையும் சுமார் முப்பது எஞ்சினியர்களையும் ஒண்ணா சேர்த்தார். அந்தப் பத்துப் பேர்ல இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஒருத்தர். இடம், ஒரு பிரம்மாண்டமான ராணுவப் பயிற்சிக் கூடம்.

'ஓபன் ஸ்கோர்' ரவுஷன்பெர்கோட படைப்பு. ரெண்டு பேர் டென்னிஸ் ஆடுறாங்க. மட்டைக்குள்ள குட்டியா ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். பந்து பட்டதும் ஸ்பீக்கர்ல 'டங்'னு பெரிய சத்தம். ஒவ்வொரு 'டங்'குக்கும் கூடத்துல ஒரு விளக்கு அணையும். கடைசியில கும்மிருட்டு. மேட்ச் முடிஞ்சது!

அப்புறம்தான் விஷயமே. அந்த இருட்டுக்குள்ள நூத்துக்கணக்கான பேர் வந்து நிக்கிறாங்க. பக்கத்துல இருக்கிறவங்களைக் கட்டிப்பிடிக்கிறது, காத்துல கட்டம் வரையறது மாதிரி சின்னச் சின்ன செய்கைகள் பண்றாங்க. பார்வையாளர்களுக்கு எதுவும் நேரடியாத் தெரியாது. இன்ஃப்ராரெட் கேமரா பிடிக்கிறது மட்டும் திரையில வெள்ளை நிழல் மாதிரி தெரியும். எதிர்லயே ஒரு கூட்டம் நிக்குது, ஆனா கருவி காட்டினாத்தான் பார்க்க முடியும். 1966-ல யோசிச்சிருக்காங்க பாருங்க!

உடனே கைதட்டு வாங்கிட்டாங்களான்னா, இல்ல. தாமதம், கருவிக் கோளாறுன்னு பத்திரிகைகள் வறுத்து எடுத்தாங்க. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவங்க கோபப்பட்டதுல தப்பு சொல்ல முடியாது.

ஆனா உண்மையான சோதனை மட்டைக்குள்ள இருக்கலைன்னு எனக்குத் தோணுது. நாம வேலை பார்க்கிற விதத்தை யோசிங்க. ஒருத்தர் என்ன வேணும்னு எழுதிக் கொடுப்பார், இன்னொருத்தர் செஞ்சு கொடுப்பார். முடிஞ்சதும் டிக்கெட் க்ளோஸ். இங்க ரெண்டு தரப்பும் மாசக்கணக்கா சேர்ந்தே யோசிச்சாங்க. இது முடியுமான்னு கலைஞர் கேட்டா, முடியாது, ஆனா இது முடியும்னு எஞ்சினியர் சொல்லுவார். அந்த பதில்ல படைப்பே மாறும். ஒவ்வொரு படைப்புக்கும் பொறுப்பான எஞ்சினியரோட பேரும் கலைஞர் பேரோட பதிவாச்சு. 'அவான்ட்-கார்ட்'னா புரியாத ஓவியம்னு நினைச்சிருந்தேன். யார் படைக்கிறாங்க, யார் உதவுறாங்கங்கிற கோட்டை அழிக்கிறதும் அதுதான்.

சொதப்பலோட கதை முடியலை. அதே வேகத்துல க்ளூவரும் நண்பர்களும் 'ஈ.ஏ.டி.'ங்கிற அமைப்பைத் தொடங்கி, கலைஞர்களையும் எஞ்சினியர்களையும் தேடித் தேடி இணைச்சாங்க. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில பெப்சி அரங்கத்தையே ஒரு பனிமூட்டத்தால மூடினாங்க.

எங்க டெமோ ஏன் சொதப்புச்சுன்னு யோசிச்சேன். கோட்ல பிழை இருந்தது உண்மைதான். ஆனா அதைக் கேட்டவங்களுக்கு நிஜமா என்ன வேணும்னு எங்கள்ல ஒருத்தரும் போய்க் கேட்கவே இல்ல. திங்கட்கிழமை முதல் வேலை அதுதான்.

படத்தைப் பார்த்துட்டு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!