அடுப்படியில் ஒரு வீடியோ கேம்

துப்பாக்கிச் சண்டை இல்லாமல் கதையாலேயே நகரும் வீடியோ கேம் ஒன்று. பெயர் ‘வெண்பா’. டொரண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது.

1980-களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன் தம்பதி, அவர்களின் மகன் கவின். இவர்களின் கதை இது. ஊரிலிருந்து கொண்டுவந்த, வெண்பாவுடைய அம்மாவின் சமையல் நோட்டில் பல வரிகள் அழிந்துபோயிருக்கும். யோசித்து யோசித்து, ஆவி மேலேறும்படி இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டியவர் நீங்கள்தான். பக்குவம் தவறினால் என்னாகும் என்று பால்கோவா ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? தமிழ் பேச மகன் தயங்கும் இடம் மனதைப் பிசைகிறது.

2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. ஒன்றரை மணி நேர ஆட்டம்தான். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடுங்கள்.