பூட்டிய வீட்டில் மரச்சாமான்கள்

வேலை மாற்றம், வெளிநாட்டுக் குடிபெயர்வு, பெற்றோரின் மறைவுக்குப் பிந்தைய பாகப்பிரிவினை எனப் பல காரணங்களால் கட்டில், மேசை, அலமாரி முதலியவற்றை ஆண்டுக்கணக்கில் பயன்பாடின்றி வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். அப்பொருள்கள் மறுபடி வெளியே எடுக்கப்படும்போது பூசணம் பூத்தும் மூட்டு விட்டும் உளுத்தும் காணப்பட்டால், காலம் கடந்துவிட்டமையே அதற்குக் காரணம் என்று கூறுவது வழக்கமாக உள்ளது. ஆயினும் எகிப்தில் 1922ஆம் ஆண்டு ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறையில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரக்கட்டில்களும் நாற்காலிகளும் உருக்குலையாமல் கிடைத்தன. 1628இல் ஸ்டாக்ஹோம் அருகே மூழ்கிய வாசா என்னும் போர்க்கப்பல் 1961இல் மேலே எடுக்கப்பட்டபோது, அதன் ஓக் மரத்தாலான உடற்பகுதி பெரும்பாலும் முழுமையாகவே இருந்தது. முன்னது வறண்ட பாறைக்குள்ளும் பின்னது குளிர்ந்த கடலடியிலும் கிடந்தன எனினும், இரண்டையும் சூழ்ந்திருந்த நிலை நெடுங்காலம் பெரிதும் மாறாதிருந்தது. அதே கல்லறையில் இருந்த தோல் பொருள்கள் மட்டும் உள்ளே தங்கிய ஈரத்தால் இளகிக் கருநிறப் பிசினாகியிருந்தமை, ஈரத்தின் வலிமையைத் தெளிவாகக் காட்டுகிறது.

அறுத்து உலர்த்திப் பொருளாக்கப்பட்ட பின்னரும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை ஏற்பதும் காற்றுக்கு ஈரத்தை விடுவதுமாகவே இருக்கிறது. குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு உண்மையில் அதில் உள்ளது என்பதை ஒப்பு ஈரப்பதம் என்பர். அது 65 விழுக்காடாக இருக்கும் அறையில் நெடுநாள் கிடக்கும் மரம், தன் உலர் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீரைக் கொண்டிருக்கும். ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டி அங்கேயே நிலைத்தால், மரத்திலுள்ள நீர் 20 விழுக்காட்டை நெருங்கும். அந்த எல்லையைத் தாண்டிய பின்னரே மரத்தைச் சிதைக்கும் பூஞ்சைகள் வேலையைத் தொடங்குகின்றன என்றாலும், மேற்பரப்பில் படரும் வெள்ளைப் பூசணத்துக்கு அவ்வளவு ஈரம் தேவையில்லை. நீரை ஏற்கும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக உப்புவதில்லை என்பதும் இங்கே முக்கியமானது: நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இராது, அகலவாக்கில் மாற்றம் மிகுதி, அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அவற்றைக் குறுக்கிடும் திசையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கும் மேசைப் பலகை, தன்னை இறுகப் பிடித்திருக்கும் சட்டத்தோடு ஆண்டுதோறும் போராடி, இறுதியில் தானே வெடிக்கிறது அல்லது மூட்டைத் தளர்த்துகிறது.

இதை உணராமல், பாதுகாப்பு என்று எண்ணிப் பொருளைப் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாதவாறு சுற்றிக் கட்டுவதே பரவலாகச் செய்யப்படும் பெருந்தவறு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளிகளை விடத் தொடங்கும். கடலோர ஊர்களில் மழைக்கால இரவொன்றில் இந்த நான்கு டிகிரி இறக்கம் எளிதில் நிகழக்கூடியது என்பதால், தாளுக்குள் சிக்கிய காற்று மரத்தின் மீதே வியர்க்கிறது. அந்த ஈரத்தில் பாலிஷ் வெளுத்துப் பூசணம் படர்கிறது. பழைய பருத்தி வேட்டியோ போர்வையோ தூசியைத் தடுத்து, காற்றையும் விடும். இதற்கு அதைவிட நல்ல உறை வேண்டியதில்லை.

பூச்சிகளைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து வருபவற்றைக் காட்டிலும் பொருளுக்குள் ஏற்கெனவே குடியிருப்பவையே மிகுந்த கவனத்துக்குரியவை. உளுத்துப்போதல் என்று சொல்லப்படும் கேட்டுக்குக் காரணமான சிறு வண்டுகள், மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடுகின்றன. அவற்றின் புழுக்கள் மரத்தின் உட்பகுதியான வைரத்தை விட்டு, மாவுச்சத்து மிகுந்த வெளிப்பகுதியான வெள்ளையைத் தின்று வளர்வதால், ரப்பர் மரம், மூங்கில் ஆகியவற்றாலான பொருள்கள் எளிதில் இரையாகின்றன. தேக்கின் வைரம் கரையானையும் எதிர்த்து நிற்பது அதிலுள்ள இயற்கை வேதிப்பொருள்களால்தான். விலை குறைத்துத் தரப்படும் தேக்குப் பொருளில் வெள்ளை கலந்திருந்தால் அந்தப் பகுதிக்கு இக்காப்பு இல்லை. மண்ணிலிருந்து ஏறும் கரையான் மண்தடம் அமைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உலர்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கரையான் வகையோ கசகசாவைப் போன்ற கழிவு மணிகளை உதிர்ப்பது தவிர வேறு அடையாளம் பெரும்பாலும் தருவதில்லை. அந்துருண்டையின் ஆவியும் உலர்ந்த வேப்பிலை, வசம்பு ஆகியவற்றின் நெடியும் மூடிய பெட்டியில் உள்ள துணிக்குப் பயன்படலாமே தவிர, மரத்தினுள் இருக்கும் புழுவை எட்டுவதில்லை. போரான் உப்புக் கரைசல் பயனுள்ளது என்றாலும், பாலிஷ் பூசிய பரப்பு அதை உள்ளே விடாது என்பதால் அடிப்புறம், பின்புறம் போன்ற பூச்சற்ற இடங்களில்தான் அதைப் பூச வேண்டும்.

வைப்பதற்கு முன் பொருளை நன்கு துடைத்து நிழலில் சில நாள் உலர விடுவதும், தரையிலிருந்து கட்டை கொடுத்து உயர்த்துவதும், சுவர் ஈரம் ஏறாதபடி ஒரு சாண் இடைவெளி விடுவதும், அலமாரிக் கதவுகளைச் சற்றே திறந்து வைப்பதும் செலவில்லாத காப்புகள். கண்ணாடியையும் பளிங்குப் பலகையையும் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயிலில் கொதித்து இரவில் குளிரும் தகரக் கொட்டகையும் மொட்டை மாடி அறையும் மரத்துக்கு ஒவ்வாதவை.

மரத்தூளைப் பசையால் இறுக்கிச் செய்யப்படும் பார்ட்டிக்கிள் போர்டு சாமான்களை நீண்டகாலம் காப்பது பெரும்பாலும் வீண் செலவே. ஒருமுறை நீர் குடித்து உப்பிய விளிம்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கழற்றிப் பூட்டுந்தோறும் திருகுகள் பிடிப்பை இழக்கின்றன. அத்தகையவற்றை உடனே தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிட்டு, பாட்டன் காலத்து ஊஞ்சல் பலகை, வைரம் பாய்ந்த கட்டில் போன்றவற்றுக்கு முயற்சியைச் செலவிடுவதே தகும்; அவற்றையும் பூட்டி வைப்பதைவிட உறவினர் வீட்டில் புழக்கத்தில் விடுவது நல்லது, ஏனெனில் அன்றாடம் கைபடும் பொருளில் கேடு தொடங்கியவுடனே யாரேனும் கண்டுவிடுவர். செட்டிநாட்டில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெருவீடுகளிலும், பர்மாத் தேக்கின் தரமும் முற்றங்களின் காற்றோட்டமும் உதவுவதோடு, திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வீடு திறந்து துப்புரவு செய்யப்படுவதும் பொருள்களுக்கு உண்மையான காப்பாக அமைகிறது.

அவ்வாய்ப்பு இல்லாதவர்கள், நம்பகமான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, குறைந்தது மழைக்கு முன்னும் பின்னும் வீட்டைத் திறந்து காற்றோட விடச் சொல்ல வேண்டும். அப்போது பொருளின் அடியில் மாவு போன்ற தூள் தென்பட்டால் அச்சப்பட்டு மருந்தடிக்க வேண்டியதில்லை. புழுக்கள் இறந்து நெடுநாள் ஆன பின்னும் அசைவினால் பழைய தூள் உதிர்வதுண்டு. தூளைக் கூட்டிவிட்டு, அதே இடத்தில் கறுப்புத் தாளொன்றை விரித்து, பொருளை அசைக்காமல் ஒரு மாதம் விட்டுப் பார்த்தால், தாளின் மீது புதிய தூள் விழுந்திருக்கிறதா என்பதைக் கொண்டு தச்சரை அழைக்க வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.