எட்டாம் நாள் நோய்

போன மாசம் தொழுவுரக் குவியலைக் கிளறும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. வங்கியில் பேனா பிடித்த கை. இன்னும் முழுசாகப் பழகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப்போட்டு, டி.டி. ஊசியும் போட்டு அனுப்பினார்கள். பெஞ்சில் காத்திருந்தபோது, எப்போதோ படித்த செயின்ட் கில்டா தீவு ஞாபகத்துக்கு வந்தது.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வடக்கு யூயிஸ்ட் தீவிலிருந்தே சுமார் 64 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே இருந்தவர்கள் 80 பேருக்கும் குறைவு. பார்லி, ஓட்ஸ், செம்மறி, மாடு, செங்குத்துப் பாறைகளில் பிடிக்கும் கடல்பறவை, இதுதான் பிழைப்பு. எரு விஷயத்தில் நம்ம ஆட்கள்தான்! பழைய வீடுகளில் மாடும் மனுஷரும் ஒரே கூரையின் கீழ். அடுப்புச் சாம்பலையும் கழிவையும் தரையிலேயே பரப்பி மிதித்து வைப்பார்கள். தரை மேலே மேலே ஏறும். குளிர்காலம் முடிந்ததும் வெட்டி எடுத்து வயலில் போடுவார்கள்.

அந்தத் தீவில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் சில நாளிலேயே செத்துப்போயின. பால் குடிக்க வாய் திறக்காது, உடம்பு விறைக்கும், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். எட்டாம் நாள் நோய் என்றார்கள். கடவுள் சித்தம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். அது ரணஜன்னி. தொப்புள்கொடி அறுத்த புண் வழியாக ஏறுகிற கிருமி. எருத்தரையிலிருந்து வந்தது என்பார் சிலர். தொப்புளில் தடவிய பறவை எண்ணெயிலிருந்து என்பார் சிலர். பிரசவம் பார்த்தது ஊர் மருத்துவச்சி. அவர்கள் கேலிக் மொழியில் அவளுக்கு 'முழங்கால் பெண்' என்று பெயர்.

டாக்டரைக் கூப்பிடலாமே என்கிறீர்களா? எப்படிக் கூப்பிடுவது? தந்தி கிடையாது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் படகு வராது. மரத்துண்டைப் படகு மாதிரி குடைந்து, உள்ளே கடிதம் வைத்து, ஊதிய ஆட்டுப்பையை மிதவையாகக் கட்டிக் கடலில் விடுவார்கள். சிலது ஸ்காட்லாந்தில் ஒதுங்கும், சிலது நார்வேக்கே போய்விடும். எட்டு நாளில் சாகிற குழந்தைக்கு இது எதற்கு ஆகும்?

1889இல் ஆங்கஸ் ஃபிட்ஸ் என்ற பாதிரியார் தீவுக்கு வந்தார். குழந்தைகளைப் புதைத்து ஜெபம் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. கிளாஸ்கோ நகரத்துக்குப் போய், கிருமிநாசினி வைத்துத் தொப்புளைச் சுத்தமாகப் பராமரிக்கும் முறையைக் கற்றுவந்தார். தீவில் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பழக்கத்தை மாற்றச் சொன்னால் எந்த ஊரில்தான் ஒப்புவார்கள்? மனுஷர் விடவில்லை. 1891க்குப் பிறகு அந்த நோயால் அங்கே ஒரு குழந்தையும் சாகவில்லை.

மற்ற தீவுகளில் டாக்டர் இருந்தும் பயனில்லை. தூரத்தைக் கணக்குப்போட்டுக் கட்டணம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரன் எங்கே போவான்? 1912இல் டியூவர் குழு இதை விசாரித்தது. மறுவருஷம் அரசு ஆண்டுக்கு 42,000 பவுண்டு ஒதுக்கியது. டாக்டருக்குக் குறைந்தபட்ச வருமானம், பயணச் செலவு எல்லாம் அதிலிருந்து. நோயாளி எவ்வளவு தொலைவில் இருந்தாலும் கொடுப்பது ஒரே சிறு தொகை. கடன் மனுக்களிலேயே காலம் கழித்தவன் நான். நல்ல திட்டம் என்று தயங்காமல் கையெழுத்துப் போடுவேன்.

செயின்ட் கில்டா மட்டும் தாக்குப்பிடிக்கவில்லை. ஆள் குறைந்து, 1930 ஆகஸ்ட் 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும் தாங்களே கேட்டுக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள்.

“கடைசியா எப்போ ஊசி போட்டீங்க சார்?” என்று நர்ஸம்மா கேட்டார். ஞாபகமே இல்லை. நாலு வாரம் கழித்து இன்னொன்று போட வரச்சொல்லி, சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்.