சுக்கான் பிடிப்போன்

துடுப்புப் படகுப் பந்தயத்தில் வலிப்போர் எண்மரும் செல்லும் திசைக்கு முதுகு காட்டியே அமர்ந்திருப்பர். முன்னோக்கி இருப்பவன் ஒருவனே. துடுப்பைத் தொடாத அவனை ஆங்கிலர் ‘கொக்சன்’ என்பர்; நம் பழஞ்சொல் மீகாமன். அக்குறணை வழியே வரும் பிங்கா ஓயா மாவலியிற் கலக்கும் வெள்ளக்காலத்து நீரிழுவையைக் கண்டோர் அவன் பணியின் அருமையை எளிதில் உணர்வர். சுக்கானைச் சிறிது மிகையாகத் திருப்பினும் படகின் விரைவு குன்றும். வலிப்போரின் தாளம் பிசகினும் அவன் குரலே அதனைத் திருத்த வேண்டும்.

ஆயினும் அவனை வெறுஞ் சுமையெனக் கருதினாரும் உளர். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில், ஒல்லாந்தர் இருவர் தம் மீகாமன் பாரமானவன் என்று விலக்கி, அந்நகரச் சிறுவன் ஒருவனை ஏற்றினர், வென்றும் விட்டனர்! அச்சிறுவனின் பெயர் இன்றளவும் உறுதிப்படவில்லை.

அதே விழாவில் பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகர எண்மருக்குச் சுக்கான் பிடித்தவர் ஆல்பிரட் வான் லாண்டெகெம்; கிடைத்தது வெள்ளிப் பதக்கம். 1908இல் தேம்ஸ் நதியிலே, ஹென்லியில், இங்கிலாந்தின் லியாண்டர் கழகத்தாரோடு கெண்ட் நகரத்தார் பொருதபோதும் அவரே மீகாமன், மீண்டும் வெள்ளியே. எனினும், எட்டாண்டு இடைவெளியிலும் ஒருவரையே நாடியமை, எடையினும் பழகிய கண்ணே பெரிதென அவர்கள் மதித்ததைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

பிற்காலத்தில் விதியும் அப்பக்கமே சாய்ந்தது. மீகாமனின் எடை 55 கிலோவிற் குறையின், குறையும் அளவு சுமையைப் படகில் ஏற்றல் வேண்டும். இதனாற் சிறுவரைத் தேடுவதில் ஊதியம் இல்லாதொழிந்தது.