இறங்கும் பெட்டி ஏற்றிவிடும் பெட்டி

பினாங்குக் கொடிமலைக்குப் போய் வந்தவர்கள் உச்சியின் குளிரைச் சொல்வார்கள். ஹேபிடேட் பூங்காவில் மர உச்சிகளுக்கிடையே ஆடும் தொங்கு நடைபாதையைச் சொல்வார்கள். ஏற்றிவிட்ட ரயிலைச் சொல்பவர் குறைவு. எனக்கோ மலையைவிட ரயில்தான் வேடிக்கை.

ஆயர் ஈத்தாம் நிலையத்தில் நிற்கும் பெட்டிக்கு என்ஜின் கிடையாது. மோட்டார் மலைமேல் இருக்கிறது. கிணற்றுக் கப்பியில் இரண்டு வாளி கட்டியதுபோல, ஒரே இரும்பு வடத்தில் முனைக்கொரு பெட்டி. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். பெட்டிகளின் எடை ஒன்றுக்கொன்று சரியாகிவிடுவதால், பயணிகளின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும் சமாளித்தால் மோட்டாருக்குப் போதும். மாலையில் இறங்கும் கூட்டம் மிகுந்தால் அதன் வேலையே மாறிவிடும்: இழுப்பதை விட்டு, பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த மலைக்கு ரயில் விடும் முதல் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோற்றது. பொறியாளர் ஆர்னால்ட் ஜான்சன் வடிவமைத்த பாதையில் 1923இல் ரயில் ஓடியது. அதிகாரபூர்வத் திறப்பு 1924 ஜனவரி 1. அப்போது நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும், அரை மணி நேரம் ஆகும். 2011இல் வந்த சுவிட்சர்லாந்துப் பெட்டி 100 பேரை ஏற்றிக்கொண்டு, சுமார் 2 கிலோமீட்டரைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. வரிசை குறைந்தது, காட்டைப் பார்க்கும் நேரமும் குறைந்தது.

பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் பெட்டிகள் மோதாதது எப்படி? நடுவில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிகிறது. பாதை மாற்றும் கருவி எதுவும் அங்கே இல்லை, சூட்சுமம் சக்கரத்தில். பெட்டியின் ஒரு பக்கச் சக்கரத்துக்கு இருபுறமும் விளிம்பு உண்டு; அது தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டே போகும். மறுபக்கச் சக்கரம் விளிம்பில்லாத அகல உருளை. தண்டவாள இடைவெளியையும் வடத்தையும் தாண்டி உருண்டுவிடும். ஒரு பெட்டி இடப்பக்கத்தைக் கவ்வும், மற்றது வலப்பக்கத்தை. ஆகவே இது எப்போதும் இடப்புறம், அது எப்போதும் வலப்புறம்.

இந்த யோசனை சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட்டுடையது. ஊட்டி ரயிலைத் தூக்கிவிடும் பற்சட்டமும் அவர் முறைதான். அங்கே 12 அடிக்கு ஓரடி ஏறவே பல் வேண்டியிருக்கிறது. கொடிமலையில் செங்குத்தான இடங்களில் 2 அடிக்கு ஓரடி. ஆனாலும் பல் இல்லை. இழுப்பது வடம், சக்கரத்துக்கு உருள்வது மட்டுமே வேலை.