தோற்ற நாட்டின் துவக்கு



கொத்மலையில் சரித்திர வகுப்பொன்றில் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியின் ஆயுதங்களை வென்றவர்கள் பறித்தார்களே. இருபது ஆண்டுகளில் அது மீண்டும் எவ்வாறு போர் தொடுத்தது?” என்று வினவினான். அதற்கு விடையாக அவனுக்கு ஒரு துவக்கின் கதையைக் கூறினேன். அதனையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

அத்துவக்கின் பெயர் மௌசர். நமது மலைநாட்டிற்கும் அதற்கும் பழைய தொடர்புண்டு. 1900ஆம் ஆண்டில் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் துரைமாரின் ரைபிள் படையொன்று அமைந்தது. அதில் ஐரோப்பியருக்கே இடமிருந்தது, நம்மவருக்கு இல்லை. தென்னாபிரிக்காவில் அப்போது ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற போயர்கள் ஏந்தியது ஜேர்மனியில் செய்த மௌசரே. சிறைப்பட்ட போயர்களுள் சுமார் 5,000 பேர் நமது தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டனர். 1915இல் அத்துரைமார் படையினர் கல்லிப்போலிக்குச் சென்றபோது, எதிரே நின்ற துருக்கியர் கையிலும் மௌசரே இருந்தது.

அதன் சிறப்பு யாது? சன்னம் சுழன்று நேரே செல்லும்படி குழாயின் உட்புறத்தில் திருகுவரி வெட்டப்பட்டிருக்கும்; இது ரைபிள்கள் எல்லாவற்றிற்கும் பொது. மௌசரின் பெருமை அதன் தாழில் உள்ளது. கதவின் தாழ்ப்பாளைப் போல் முன்னும் பின்னும் நகரும் அவ்வுறுப்பு, தோட்டாவை உள்ளே தள்ளி இறுகப் பூட்டும். 1898இல் வந்த மாதிரியில் முன்புறத்து இரு பூட்டுமுனைகளுடன், காவலாகப் பின்புறத்தில் மூன்றாவதும் சேர்க்கப்பட்டது. ஒரே தடவையில் ஐந்து தோட்டாக்களை நிரப்பலாம். ஆயின் 125 சென்ரிமீற்றர் நீளமுள்ள அது, பதுங்குகுழிப் போரில் வீரனுக்குப் பெருஞ்சுமையாயிற்று.

1919 ஜூன் 28ஆம் திகதி கையெழுத்தான வேர்சேல்ஸ் உடன்படிக்கை, ஜேர்மன் தரைப்படையை 1,00,000 பேருக்குக் குறைத்தது. அதற்கு 84,000 ரைபிள்களும் 18,000 காபைன்களும் போதுமென எண்ணி வரையறுத்தது. ஓபர்ண்டோர்வ் நகரத்து மௌசர் தொழிற்சாலை போர்த் துவக்குச் செய்வதை நிறுத்தி, வேட்டைத் துவக்குகளும் அளவுக் கருவிகளும் செய்தது. படைக்குத் துவக்குச் செய்யும் உரிமை சூல் நகரத்துச் சிம்சன் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது.

எனினும் கைத்திறனைப் பறிமுதல் செய்ய எவராலும் இயலவில்லை. 1923இல் “காபைன்” என்ற பெயருடன் ஒரு துவக்கு வந்தது; நீளத்திலோ அது பழைய ரைபிளேயாகும். மறுவருடம் உருவான குறுகிய மாதிரி வெளிநாடுகளுக்கு விற்பனையாயிற்று. பின்னர் ஜேர்மன் தபாற் பகுதியின் காவலருக்கும் வழங்கப்பட்டது. பெல்ஜியமும் செக்கோசிலோவாக்கியாவும் அதே மௌசர் முறையில் தத்தம் துவக்குகளைச் செய்து உலகெங்கும் விற்றன. ஜேர்மனியைக் கண்காணித்த நேச நாட்டு ஆணைக்குழு 1927இல் வெளியேறியது.

1935 மார்ச்சில் ஹிட்லர் கட்டாய இராணுவ சேவையை அறிவித்தார். அவ்வாண்டு ஜூனிலேயே 111 சென்ரிமீற்றர் நீளமுள்ள “காபைன் 98கே” படைக்குரிய துவக்காயிற்று. முதற்போருக்கு முந்திய தாழே அதிலும் இருந்தது. நீளம் குறைந்தது, தாழின் பிடி கீழ்நோக்கி வளைந்தது. அதே ஆண்டில், யூதர் என்ற காரணத்தினால் சிம்சன் குடும்பத்தாரிடமிருந்து அவர்களது தொழிற்சாலை பறிக்கப்பட்டது. 1939இல் செக் நாட்டுத் தொழிற்சாலையும் 1940இல் பெல்ஜியத் தொழிற்சாலையும் ஜேர்மனியின் கைக்குச் சென்றன. 1945 வரையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட 98கே துவக்குகள் செய்யப்பட்டன.

ஆகவே மாணவனின் கேள்விக்கு விடை இதுவே. உடன்படிக்கை துவக்குகளை எண்ணியது. வரைபடங்களும் கைவினைஞரும் அவ்வெண்ணிக்கைக்குள் அடங்கவில்லை. கண்காணிப்போர் அகன்றதும், போர் வேண்டுமென்ற எண்ணமுடையோர் ஆட்சியேறியதும், எஞ்சியிருந்த திறன் படையாயிற்று.

அவன் அத்துடன் அமையவில்லை. “துவக்கு நம்மவரை நோக்கியும் நீண்டதுண்டா, ஐயா?” என்றான். ஆம் என்றேன். 1940 ஜனவரியில், உலகம் இரண்டாம் போரில் மூழ்கியிருந்த வேளையில், ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். அதனை விசாரிக்க ஆணைக்குழுவும் அமர்ந்தது. இம்மலைகளில் வாழ்வோர் அப்பெயரை இன்றும் மறந்திலர்.

துவக்கைப் பிடிக்கும் கையைக் கேள்வி கேட்கும் உரிமை மக்களிடம் விழிப்புடன் இருக்கவேண்டும். அவ்விழிப்புத் தளர்ந்தால், எண்ணிக்கையால் மட்டும் எவரும் காக்கப்படார். சரித்திர பாடத்தின் பயன் அதுவேயென்று அம்மாணவனிடம் கூறினேன். உங்களிடமும் அதனையே கூறுகின்றேன்.