சம்பளத்தைப் பார்த்துக் கேட்கும் கடன்

நகையை வைத்தால் கடன் கிடைக்கும். நிலப் பத்திரத்தை வைத்தாலும் கிடைக்கும். டிராக்டருக்குக் கடன் கொடுத்த வங்கி, தவணை நின்றுபோனால் டிராக்டரையே ஓட்டிக்கொண்டு போய்விடும். படிப்புக்குக் கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் எதை ஓட்டிக்கொண்டு போவது? சான்றிதழைப் பறித்து வைத்துக்கொண்டாலும் அதை வாங்க ஆள் இல்லை. படித்தது எல்லாம் படித்தவரின் தலைக்குள் இருக்கிறது. தலையை ஏலம் விட முடியாது.

உயர்கல்விச் செலவை அரசும் மாணவரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று உலகம் முழுக்க நடக்கும் வாதங்களுக்கு அடியில் இந்தச் சிக்கல்தான் கிடக்கிறது. அடமானம் இல்லாத இடத்தில் வங்கி தயங்கும். அதனால் அது மாணவரை விட்டுவிட்டு அவருடைய அப்பாவைப் பார்க்கும். நிலமோ அரசு வேலையோ உள்ள அப்பாவின் பிள்ளைக்குக் கடன் கிடைக்கும். உண்மையில் கடன் தேவைப்படும் பிள்ளை வாசலிலேயே நிற்கும்.

பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1955-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார். கம்பெனிக்குக் கடன் கொடுப்பதற்குப் பதில் அதில் பங்கு வாங்குகிறோம் அல்லவா? லாபம் வந்தால் நமக்கும் வரும், வராவிட்டால் இல்லை. மாணவரின் படிப்பிலும் அப்படிப் பணம் போட்டு, பிற்காலத்தில் அவர் சம்பாதிப்பதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்றார். வசூலிக்கும் வேலையை வருமான வரியோடு சேர்த்துவிடலாம் என்பதையும் அவரே சுட்டினார். அந்த இரண்டாவது யோசனையின் அருமை புரிய உலகத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

முதலில் முயன்றது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். 1971-இல், பொருளியலாளர் ஜேம்ஸ் டோபினின் யோசனைப்படி, கட்டணத்தின் ஒரு பகுதியைத் தள்ளிப்போடும் திட்டம் ஒன்றை அது தொடங்கியது. வாங்கும் ஒவ்வொரு 1,000 டாலருக்கும், வேலைக்குப் போனபின் ஆண்டு வருமானத்தில் 0.4 சதவீதம் கட்ட வேண்டும். எதுவரை? ஒரே ஆண்டில் கடன் வாங்கிய எல்லோருடைய கடனும் சேர்ந்து அடையும்வரை, அல்லது 35 ஆண்டுகள்வரை. கைநிறையச் சம்பாதிப்பவர்கள் தங்கள் கடனை ஒன்றரை மடங்காகக் கட்டிவிட்டு முன்பே விலகிக்கொள்ளலாம்.

கேட்க அழகாக இருக்கிறது. சம்பாதித்தவன் சம்பாதிக்காதவனைத் தாங்குகிறான். ஆனால் நம் ஊர்ச் சீட்டுக்காரர்களிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்: சீட்டில் சிலர் ஓடிவிட்டால் மிச்சமிருப்பவர் தலையில் விழும். அதுதான் நடந்தது. நன்றாகச் சம்பாதித்தவர்கள் விலகினார்கள், சிலர் கட்டவே இல்லை. ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களின் கடன் கரையாமல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. ஒருவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அறியவோ, கட்டாதவரைத் துரத்தவோ பல்கலைக்கழகத்திடம் வழியில்லை. 1978-இல் புதிய மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2001-இல் மிச்சக் கடனை எல்லாம் தள்ளுபடி செய்து கதையை முடித்தார்கள்.

கதை அடுத்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது.

அங்கே கஃப் விட்லமின் லேபர் கட்சி அரசு 1974-இல் பல்கலைக்கழகக் கட்டணத்தையே ஒழித்திருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நெருக்கடி வந்தது. பள்ளியை முடிக்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். பல்கலைக்கழக இடங்களோ கருவூலம் தரும் பணத்தின் அளவுக்குத்தான் இருந்தன. இலவசம் என்று பலகை தொங்கினாலும், உள்ளே இடமில்லாவிட்டால் வெளியே நிற்பவருக்கு அது எட்டாத இலவசம். உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் படிப்புக்கு ஓட்டுநரும் கடைச் சிப்பந்தியும் சேர்ந்து வரி கட்டினார்கள்.

மறுபடியும் கட்டணம் வாங்க வேண்டும், ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது. இந்த இக்கட்டைத் தீர்க்கும் பொறுப்பு 1987-இல் கல்வி அமைச்சரான ஜான் டாக்கின்ஸிடம் வந்தது. நியூ சவுத் வேல்ஸின் முன்னாள் முதல்வர் நெவில் ரான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுவுக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் புரூஸ் சாப்மன். 1989-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'ஹெக்ஸ்' என்றார்கள். இன்றைக்கு அதன் சட்டப் பெயர் மாறிவிட்டது, என்றாலும் அங்குள்ள மாணவர்கள் வாயில் இன்னும் ஹெக்ஸ்தான்.

தொடக்கத்தில் ஆண்டுக் கட்டணம் எந்தப் படிப்பானாலும் 1,800 ஆஸ்திரேலிய டாலர். படிப்புக்கு ஆகும் உண்மைச் செலவில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அது, மீதி அரசுடையது. கையில் பணம் இருந்தால் உடனே கட்டலாம், 15 சதவீதம் கழிவு உண்டு. இல்லாவிட்டால் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம். மாணவரின் பங்கை அரசே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடும். மூன்றாண்டுப் பட்டம் முடிக்கும்போது, விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமல், அவர் பெயரில் 5,400 டாலர் கடன் நிற்கும்.

வட்டி? விலைவாசி ஏறும் அளவுக்கு மட்டும் கடன் தொகை ஆண்டுக்கு ஒருமுறை ஏறும். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. தவணை? ஆண்டு வருமானம் 22,000 டாலரைத் தொடும்வரை ஒன்றும் கட்ட வேண்டாம். அது அன்றைய சராசரிச் சம்பளத்தை ஒட்டிய தொகை. அதைத் தொட்டால் வருமானத்தில் 1 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 220 டாலர். வருமானம் ஏறினால் 2, அதற்கு மேல் 3 சதவீதம். வேலை போனால் தவணையும் நின்றுவிடும். பிள்ளை பெற்று வீட்டில் இருக்கும் ஆண்டில் தவணை கிடையாது. யாரிடமும் போய் எழுதிக்கொடுக்க வேண்டியதும் இல்லை; வருமானம் இறங்கியது என்பதே போதும். கடனாளி இறந்துவிட்டால் மிச்சக் கடன் அவரோடு போய்விடும், பெற்றோரிடமோ துணையிடமோ யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

யேலுக்கு முடியாதது இங்கே எப்படி முடிந்தது? விடை ஒரு படிவத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கடனில் படிக்கச் சேரும் மாணவர் தன் வரிக்கோப்பு எண்ணைக் கொடுக்க வேண்டும். நம் பான் எண்ணைப் போன்றது. வேலையில் சேரும் நாளில் முதலாளி ஒரு படிவத்தை நீட்டுகிறார். அதில், கல்விக் கடன் உண்டா என்று ஒரு கேள்வி. ஆம் என்றால், வருமான வரியைப் பிடிக்கும்போது இதற்கும் சேர்த்துச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. ஆண்டுக் கடைசியில் வரிக் கணக்கோடு இந்தக் கணக்கும் நேராகிறது. வசூலுக்கென்று தனி அலுவலகமோ ஆட்களோ வேண்டியதில்லை. ஏற்கெனவே ஓடும் வாய்க்காலில் ஒரு மடை கூடுதலாகத் திறந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இதில் வியப்பே இந்த எளிமைதான்.

நம் ஊர் வங்கிகளின் கல்விக் கடனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் அறையும். 7.5 லட்சம் ரூபாய்வரை வங்கி அடமானம் கேட்பதில்லை. ஆனால் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசம், பிறகு மாதத் தவணை தொடங்கிவிடும். அந்தத் தவணைக்குத் தெரிந்த ஒரே விஷயம் நாட்காட்டி. மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்குப் போன பொறியாளரிடமும், 80,000 ரூபாய் சம்பளத்துக்குப் போன அவர் வகுப்புத் தோழரிடமும் அது ஒரே தேதியில் ஒரே தொகையைக் கேட்கும். ஹெக்ஸுக்கு நாட்காட்டி தெரியாது. சம்பளச் சீட்டு மட்டும்தான் தெரியும். பெயர் கடன் என்றாலும், படித்த படிப்பு கைவிட்டால் தாங்கிப் பிடிக்கும் காப்பீடும் அதற்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது. தவறினால் வரும் நட்டத்தை, யேலில் போலச் சக மாணவர்கள் தலையில் வைக்காமல், நாடு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது.

கட்டணம் திரும்பி வந்தால் ஏழைப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள் என்று அன்று பலர் அஞ்சினார்கள். அவர்களின் பங்கு சரியவில்லை என்றே பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. பெரிதாக உயர்ந்துவிடவும் இல்லை. பள்ளியிலேயே பின்தங்கிப்போன பிள்ளையைப் பல்கலைக்கழக வாசலில் வைத்திருக்கும் எந்தத் திட்டமும் தூக்கிவிடாது. ஆனால் மொத்த இடங்கள் பெருகின, அதனால் உள்ளே போனவர்களும் பெருகினார்கள்.

நியூசிலாந்து 1992-இல் இதே வழிக்கு வந்தது. இங்கிலாந்தில் 1998-இல் 1,000 பவுண்டாகத் தொடங்கிய கட்டணம் 2012-இல் 9,000 பவுண்டுவரை போனது. அங்கே கடனை அடைக்க, வருமானத்தில் வரம்புக்கு மேல் உள்ள தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும். 2012-இல் சேர்ந்தவர்களுக்கு முதலில் வரம்பு 21,000 பவுண்டாக இருந்தது. அப்போது 25,000 சம்பாதித்தால் மீதி 4,000-க்கு 360 பவுண்டு. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அடையாத கடன் தள்ளுபடி. 2023 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு அதை நாற்பது ஆண்டாக்கிவிட்டார்கள். இருபத்தைந்து வயதில் தொடங்கும் பிடித்தம் அறுபதைத் தாண்டியும் தொடரலாம்.

இங்கேதான் எனக்குக் கவலை தொடங்குகிறது. இன்று கையிலிருந்து காசு போகாததால் மாணவருக்கு விலை உறைப்பதில்லை. ஏழைப் பிள்ளையைக் காப்பது அந்தக் குணம்தான். விலையை ஏற்ற நினைக்கும் அரசுக்குத் துணிச்சல் தருவதும் அதே குணம்தான். ஆஸ்திரேலியா 2021-இல் செவிலியர், ஆசிரியர் படிப்புகளுக்குக் கட்டணத்தைக் குறைத்து, வரலாறு, தத்துவம் போன்ற கலைப் படிப்புகளுக்கு இரட்டிப்புக்கு மேல் ஆக்கி, ஆண்டுக்கு 14,500 டாலராக வைத்தது. வேலை கிடைக்கும் படிப்புக்கு மாணவர்களைத் திருப்ப வேண்டும் என்பது நோக்கம். மாணவர்கள் பெரிதாகத் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்கள்? விலையைப் பார்த்து அஞ்ச வேண்டாம் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. வரலாறு படிக்க ஆசைப்பட்டவர் வரலாறே படித்தார். கடன் மட்டும் பெருத்தது.

2023 ஜூன் முதல் தேதி இன்னொரு அதிர்ச்சி. விலைவாசி எகிறியதால் கடன்கள் ஒரே நாளில் 7.1 சதவீதம் ஏறின. 30,000 டாலர் கடன் வைத்திருந்தவருக்கு ஏற்றம் மட்டும் 2,130 டாலர். ஆண்டு முழுக்கச் சம்பளத்தில் 1,500 டாலர் பிடித்துக் கொடுத்தவருக்கும் கடன் முன்பைவிடக் கூடியிருந்தது. இதில் ஒரு நுட்பமான அநியாயமும் உண்டு. மாதாமாதம் பிடித்த பணம் வரிக் கணக்கு முடியும்போதுதான் கடனில் கழிக்கப்படும். ஏற்றமோ அதற்கு முன்பே, ஜூன் முதல் தேதியே, முழுக் கடனின் மேலும் விழுந்துவிடும். கட்டிவிட்ட பணத்துக்கும் சேர்த்து ஏற்றம்! எதிர்ப்பு பலமாக எழவே, அடுத்த ஆண்டு சட்டத்தை மாற்றினார்கள். விலைவாசி ஏற்றம், கூலி ஏற்றம் இரண்டில் எது குறைவோ அதுதான் கடனை ஏற்றும். அதை 2023-க்கும் பின்தேதியிட்டுப் பொருத்தியபோது 7.1 என்பது 3.2 ஆனது. 2,130 டாலர் 960 ஆகக் குறைந்தது.

2025-இல் மேலும் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கடனில் 20 சதவீதம் தள்ளுபடி. செய்தித்தாள்கள் அதைத்தான் கொண்டாடின. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. பழைய முறையில் வரம்பைத் தொட்டவுடன் மொத்த வருமானத்துக்கும் சதவீதம் போட்டார்கள். 2024-25-இல் வரம்பு 54,435 டாலர். ஒரு டாலர் குறைவாக இருந்தால் ஒன்றும் கட்ட வேண்டாம். அந்த ஒரு டாலரும் சேர்ந்துவிட்டால் 544 டாலர் கட்ட வேண்டும். கூடுதலாக ஒரு நாள் வேலை பார்த்தவர் வீட்டுக்குக் கொண்டுபோனது குறைந்துபோகலாம். 2025-26-இல் வரம்பு 67,000 டாலராக உயர்ந்தது. அதற்கு மேல் வரும் தொகையில் மட்டும், டாலருக்கு 15 சென்டில் தொடங்கும் பிடித்தம். 70,000 சம்பாதிப்பவர் முந்தைய ஆண்டில் 1,750 டாலர் கட்டினார், 2025-26-இல் 450. இங்கிலாந்து தொடக்கத்திலேயே செய்திருந்ததை ஆஸ்திரேலியா கற்றுக்கொள்ள முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இவ்வளவு படித்தபின் நம் ஊரில் ஏன் இது கூடாது என்ற கேள்வி தானாக எழும். எனக்கும் எழுந்தது. தடை பணத்தில் இல்லை, பார்வையில் இருக்கிறது. இந்தத் திட்டம் ஓட வேண்டுமானால், படித்து முடித்த ஒவ்வொருவரின் வருமானமும் அரசின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம்மிடம் பான் எண் இருக்கிறது, ஐ.டி. நிறுவனத்திலும் அரசு அலுவலகத்திலும் சம்பளத்தில் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். ஆனால் பட்டம் வாங்கிவிட்டு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவரின் சம்பளம், டியூஷன் வகுப்பு நடத்துபவரின் வரும்படி, அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்துவிட்டவரின் பங்கு எல்லாம் எந்த ஏட்டில் ஏறுகின்றன? வேலை பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையில் இருக்கிறார்கள். ஒழுங்காகச் சம்பளச் சீட்டு வாங்குபவர் மட்டும் கட்டுவார், மற்றவர் தப்பிவிடுவார்கள் என்றால் அது யேலின் சீட்டாகவே முடியும். கண்ணுக்கு எட்டாமல் போவதன் விலையை ஆஸ்திரேலியாவும் அறியும். அங்கே கடனில் படித்துவிட்டு வெளிநாடு போனவர்களிடம் நீண்ட காலம் வசூலிக்க முடியவில்லை. வெளிநாட்டு வருமானத்தையும் அறிவித்துக் கட்ட வேண்டும் என்று 2017-இல்தான் கட்டாயமாக்கினார்கள்.

நம் ஊரில் அரசின் அந்தக் கண் திறக்கும்வரை, கடன் விண்ணப்பத்தில் 'இணைக் கடனாளி' என்ற கட்டத்துக்குக் கீழே கைரேகை வைப்பதா, கையெழுத்துப் போடுவதா என்று மகளைப் பார்க்கும் அப்பாக்கள் வங்கிக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.